ட்ரோன் பதிவுச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி விமானங்கள்

பால்சா மரத்தை அறுத்து ஒட்டி, மெல்லிய தாள் போர்த்தி, சிறிய எஞ்சின் பொருத்தி, கையிலுள்ள ரேடியோ கருவியால் பறக்கவிடுகிற விமானங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் இது தலைமுறைகளாகத் தொடரும் பொழுதுபோக்கு. இவர்களுடைய தேசிய சங்கம் 1936-லேயே தொடங்கப்பட்டது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மைதானம், பாதுகாப்பு விதிகள், காப்பீடு, விமானத்தில் உரிமையாளரின் பெயர் முகவரி என எல்லாவற்றையும் தாங்களாகவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்கள். அரசும் பெரிதாகத் தலையிடவில்லை.

ட்ரோன் வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. மாதிரி விமானத்தை ஓட்ட மாதக்கணக்கில் பழக வேண்டும். பழகாதவர் கையில் அது ஒரு நிமிடத்தில் தரையில் மோதிவிடும். ட்ரோன் அப்படியல்ல. பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கும். ஜி.பி.எஸ். உதவியால் தானே நிலைத்து நிற்கும். கேமராவைப் பார்த்துக்கொண்டே கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கும் அனுப்பலாம். 2015 ஜனவரியில் ஒரு ட்ரோன் வெள்ளை மாளிகையின் புல்வெளியிலேயே விழுந்தது. பயணிகள் விமானங்களுக்கு அருகில் ட்ரோன்களைக் கண்டதாக விமானிகளும் புகார் செய்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 21 முதல் பதிவு கட்டாயமானது. 250 கிராமுக்கு மேல், சுமார் 25 கிலோ வரை எடையுள்ள ஆளில்லா விமானம் வைத்திருப்பவர் ஐந்து டாலர் கட்டிப் பதிந்து, எண் பெற்று, அதை விமானத்தில் எழுத வேண்டும். உள்ளே மனிதர் இல்லாமல் பறந்தால் அது ஆளில்லா விமானம். நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோனும் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த பால்சா விமானமும் இந்த விளக்கத்தின்படி ஒன்றுதான். பதியாவிட்டால் பெரும் அபராதம், சிறைத் தண்டனைக்கும் வழியுண்டு.

ஜான் டெய்லர் என்ற மாதிரி விமானப் பிரியர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். தொழிலால் வழக்கறிஞரான அவர் தமக்காகத் தாமே வாதாடினார். அவர் வாதம் எளிமையானது. மாதிரி விமானங்கள் பற்றி விமானப் போக்குவரத்துத் துறை புதிய விதி எதுவும் இயற்றக் கூடாது என்று 2012-இல் நாடாளுமன்றமே சட்டம் செய்திருக்கிறது; பிறகு இந்த விதி எப்படி வந்தது? 2017 மே 19 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பிரெட் கவனா. கேட்டவர்களுக்கு ஐந்து டாலரைத் திருப்பித் தரவும் அரசு முன்வந்தது.

ஏழு மாதம்கூட அந்த வெற்றி நிலைக்கவில்லை. அதே டிசம்பரில் ராணுவச் செலவுக்கான சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 2018-இல் டெய்லர் நம்பியிருந்த அந்தப் பாதுகாப்புப் பிரிவே நீக்கப்பட்டது. நீதிமன்றத்தில் வென்றவர் நாடாளுமன்றத்தில் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

உண்மையில் ஐந்து டாலர் பெரிய சுமையல்ல. ஒரே எண்ணைத் தம்மிடமுள்ள எல்லா விமானங்களிலும் எழுதிக்கொள்ளலாம். விபத்து நடந்தால் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதும் நியாயம்தான். முதலில் பேட்டரி அறைக்குள் எழுதினாலே போதும் என்றிருந்தார்கள்; 2019 பிப்ரவரி முதல் வெளியே தெரியும்படி எழுதச் சொன்னார்கள். இரண்டாம் உலகப்போர் விமானத்தை நிறம் மாறாமல், குறி மாறாமல் அச்சு அசலாகச் செய்தவருக்கு அதன்மேல் பதிவெண் எழுதுவது எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!

கடினமானது அடுத்து வந்த தொலை அடையாள விதி. பறக்கும் நேரம் முழுவதும் விமானம் தன் எண்ணையும் இருப்பிடத்தையும் ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இயக்குபவர் நிற்கும் இடமோ புறப்பட்ட இடமோ அதில் சேர்ந்தே போகும். பெயர் வெளியே போகாது என்றாலும் இடத்தை அருகிலிருக்கும் யாரும் தெரிந்துகொள்ள முடியும். 2024 மார்ச் 16 முதல் இதை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்கும் புதிய ட்ரோன்களில் இந்தக் கருவி உள்ளேயே இருக்கும். வீட்டில் செய்த விமானத்துக்குத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அல்லது அரசு அங்கீகரித்த மைதானத்தில், கண்பார்வைக்குள் மட்டும் பறக்கவிட வேண்டும். சங்கத்துக்கு அப்படியொரு மைதானம் இருந்தால் கவலையில்லை. பக்கத்தில் மைதானமே இல்லாத ஊரில் தனியாகப் பறக்கவிடும் ஒருவருக்குத்தான் இது பெரிய இடி.

250 கிராம் என்பது எங்கிருந்து வந்தது? மேலிருந்து தலையில் விழுந்தால் உயிராபத்து எவ்வளவு என்று ஒரு குழு கணக்கிட்டுச் சொன்ன எல்லை அது. ட்ரோன் நிறுவனங்கள் பிறகு 249 கிராமில் தயாரித்துவிட்டன. எஞ்சினும் எரிபொருளும் சுமக்கும் மர விமானத்தால் அது முடியுமா?

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளிலும் மிகச் சிறிய வகைக்கு இதே 250 கிராம்தான் எல்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைக்காக ட்ரோன் வாங்கிவர நினைக்கும் வளைகுடாச் சகோதரர்கள் எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதல் செய்யப்படலாம். பிள்ளைக்கு இந்த ஆர்வம் இருந்தால், இந்தியாவில் தயாரானதை இங்கேயே வாங்கிக் கொடுங்கள்.