ஆடு தின்ற விதை எங்கே போச்சு?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. பிளவக்கல் அணைத் தண்ணீர் கண்மாய்களை நிரப்பி வயலுக்குப் பாயும் ஊர். இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தை இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும். கோவைக்கொடி வேலியில் ஏறிவிடும், இலந்தை முள் வரப்பை மூடிவிடும். பாம்பு கிடக்குமோ என்று பெரியவர்களே உள்ளே போகத் தயங்குவார்கள். வெள்ளாடு மட்டும் தயங்காது.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து நாட்டு வெள்ளாட்டு இனம் கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தின் இரு பக்கமும் ஒரு கோடு ஓடும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. அடுத்த முறை பார்க்கும்போது அதன் வாயைக் கவனியுங்கள். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். ஆனால் மேலுதடு விரல் மாதிரி வளைந்து கொடுக்கும். முள்ளுக்கு நடுவே இருக்கிற இலையை மட்டும் லாவகமாக இழுத்துக்கொள்ளும். செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடு நிமிர்ந்து இலை தேடும், எட்டாவிட்டால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். துவர்ப்பான இலைகளும் அதற்கு ஒத்துக்கொள்ளும். நான்கு அறை கொண்ட அதன் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து செரிக்க உதவுகின்றன.

சரி, இலையைத் தின்றால் புதர் எப்படி அழியும்? செடி தன் உணவைத் தயாரிப்பதே இலையில்தானே. இலை போனதும், வேரில் சேர்த்து வைத்ததை எடுத்து மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரையும் ஆடு கடித்தால் இன்னும் கொஞ்சம் சேமிப்பு செலவாகும். இப்படியே நடந்தால் வேர் வறண்டு, செடி ஓய்ந்துவிடும். அதனால் ஒருமுறை ஓட்டிவிட்டால் போதாது, துளிர்க்கத் துளிர்க்க ஆடு வர வேண்டும். 2009-இல் அமெரிக்காவில் கூகுள் நிறுவனம் தன் வளாகத்தில் வளர்ந்த புல், புதரை அகற்ற சுமார் 200 ஆடுகளை வாடகைக்கு வரவழைத்தது. நம் ஊரில் ஆட்டை உரத்துக்காகவும் வரவழைப்பார்கள்: அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவது பழைய வழக்கம். இரவு முழுக்க ஆடுகள் அங்கேயே அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். அதற்காக விவசாயிகள் கிடைக்காரருக்குப் பணமோ தானியமோ கொடுப்பார்கள்.

ஆனால் ஆட்டை ஏய்த்துவிடும் ஒரு மரம் இருக்கிறது: சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் கண்மாய்களை அடைத்துக்கொண்ட மரம். இதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. இதன் இலை ஆட்டுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முற்றிய காயான நெத்து மட்டும் இனிப்பு, விழுந்து விழுந்து தின்னும். சதை செரித்துவிடும், உள்ளே இருக்கும் விதையின் ஓடு கடினமானது. பல விதைகள் சேதமில்லாமல் புழுக்கையோடு வெளியே வரும். வயிற்றுக்குள் போய் வந்ததில் ஓடு இளகி, முளைப்பதும் சுலபமாகிவிடும், உரமும் கூடவே இருக்கும்! புதரைத் தின்னப் போன ஆடு அடுத்த தோட்டத்தில் சீமைக்கருவேலத்தை விதைத்துவிட்டு வருகிறது. பாவம், அதற்கு என்ன தெரியும்? நெத்து தின்ற ஆடுகளை மூன்று நான்கு நாள் பட்டியிலேயே வைத்து வேறு தழை போட வேண்டும். வயிறு காலியான பிறகு புது நிலத்துக்கு ஓட்டினால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

மலைச்சரிவில் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி இன்னொரு வகை. அதன் இலையைத் தின்றால் ஆட்டின் ஈரல் கெடும். அங்கே ஆட்டை அனுப்பவே கூடாது. இன்னொரு காரணமும் உண்டு: வத்திராயிருப்பை ஒட்டிய மலைப்பகுதி 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. மானுக்கும் வரையாட்டுக்கும் உரிய தழையை நம் ஆடுகள் போய்த் தின்றுவிடக் கூடாது.

நெத்து உதிரும் கோடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சீமைக்கருவேல நிழலில் கிடக்கும் ஆட்டுப் புழுக்கையை ஒரு கை பொறுக்கி, உடைத்து, மண் நிரப்பிய தொட்டியில் போட்டுத் தினமும் தண்ணீர் தெளியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பத்து நாளில் என்னென்ன முளைத்தன, எத்தனை முளைத்தன என்று நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சீமைக்கருவேல நாற்றை வேரோடு பிடுங்கிவிட மறக்காதீர்கள்.