பிளீ பார்கெயினிங்: ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் உண்டா?

இன்றைக்கு ஒரு கற்பனை உதாரணத்தோடு ஆரம்பிக்கலாம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு சின்ன குடோன்காரர் ஒரு லோடு கம்பி வாங்குகிறார். பிறகுதான் தெரிகிறது, அது திருட்டுச் சரக்கு. 'தெரிஞ்சேதான் வாங்கினார்' என்று போலீஸ் கேஸ் போடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவின்படி இதற்கு 3 வருஷம் வரை ஜெயில். 'எனக்குத் தெரியாது சார்' என்கிறார் அவர். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அலைய முடியவில்லை. அப்போது ஒருத்தர் சொல்கிறார்: "பிளீ பார்கெயினிங் போட்டு முடிச்சிடுங்கண்ணே. அப்புறம் வேணும்னா அப்பீல் போய்க்கலாம்."

இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தப்பு.

பிளீ பார்கெயினிங் நம் நாட்டில் 2006 ஜூலை 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆவது அத்தியாயத்தில் வருகிறது. 7 வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கும் கிடையாது. குற்றச்சாட்டு பதிவான 30 நாளுக்குள் மனு போட வேண்டும். மனமுவந்துதான் கேட்கிறாரா என்று நீதிபதி அவரைத் தனியாக விசாரிப்பார். பிறகு அரசு வக்கீல், போலீஸ், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் உட்கார்ந்து பேசி, நஷ்ட ஈடு உட்பட ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

லாபம் என்ன? நம் குடோன்காரருக்கு இதுதான் முதல் வழக்கு என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 6 மாதம். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் நாலில் ஒரு பங்கு, 9 மாதம். நன்னடத்தை அடிப்படையில் ஜெயிலே இல்லாமல் விடவும் இடம் இருக்கிறது.

இனி விலையைப் பார்ப்போம். 295ஆவது பிரிவு சொல்கிறது: இந்தத் தீர்ப்பே இறுதி. எந்தக் கோர்ட்டிலும் அப்பீல் கிடையாது.

பேரம் எதுவும் இல்லாமல், ஒருத்தர் கோர்ட்டில் நேரடியாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டால்கூட, 416ஆவது பிரிவின்படி, தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி சரியில்லை என்று செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். பேரம் பேசியவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது அரசியல் சட்டம் தரும் வழிகள்: 226, 227இன் கீழ் ஹைகோர்ட், 136இன் கீழ் சுப்ரீம் கோர்ட். மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்கள், நடைமுறையை மீறினார்கள் என்றால் அங்கே போகலாம். சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோடும் இடம் அது இல்லை.

இந்தப் பூட்டு அரசுத் தரப்புக்கும் உண்டு. பழைய திப்பசாமி வழக்கு ஒன்று உண்டு. அபராதம் மட்டும்தான் என்று நம்பி ஒருவர் ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டில் ஹைகோர்ட் ஜெயில் தண்டனை கொடுத்தது. அது நியாயமில்லை என்றது சுப்ரீம் கோர்ட். இன்று அப்பீலே இல்லை என்பதால் அந்த ஆபத்தும் குறைவு.

ஆனால் நிரபராதிக்கு? 2020இல் டெல்லி தப்லீக் ஜமாஅத் வழக்குகளில் நூற்றுக்கணக்கான வெளிநாட்டினர் பிளீ பார்கெயினிங்கில் ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி ஊர் திரும்பினார்கள். 44 பேர் மட்டும் வழக்கை நடத்தினார்கள். 8 பேரை ஆகஸ்டிலேயே கோர்ட் விடுவித்தது. மற்ற 36 பேரும் டிசம்பரில் விடுதலை. அதைக் காட்டி அப்பீல் போக, முன்பே ஒப்புக்கொண்டவர்களுக்கு வழியில்லை.

அதனால் கையெழுத்துக்கு முன்னாடியே வக்கீலிடம் கேளுங்கள்: சாட்சியம் எவ்வளவு பலமானது? என்ன தண்டனை, எவ்வளவு நஷ்ட ஈடு? குற்றவாளி என்ற பதிவு வேலையை, லைசென்ஸைப் பாதிக்குமா? பேச்சு முறிந்தாலும் பயமில்லை. மனுவில் சொன்னதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. வழக்கு வழக்கம்போல நடக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.

'அப்பீல்ல பாத்துக்கலாம்' என்பது மற்ற வழக்குகளுக்குப் பொருந்தலாம். இங்கே பார்க்க வேண்டியதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே பார்த்துவிட வேண்டும்.