மாத்திரைக்கு மசியாத எச்.ஐ.வி. கிருமி! மருந்தே சாப்பிடாதவர் உடம்பிலும் இருக்கிறது

சென்னை–
மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, ஒரு கட்டத்தில் அது கேட்காமல் போவது உண்டு. ஆனால் ஒரு மாத்திரைகூட வாயில் போடாதவருக்கு, முதல் நாளே மருந்து கேட்காவிட்டால்? எச்.ஐ.வி. கிருமி விஷயத்தில் இப்படியும் நடக்கிறது!

11-ல் 6 நாடுகள்

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை பகீர் என்கிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் 11 நாடுகளில் சோதனை நடந்தது. அதில் 6 நாடுகளில், சிகிச்சை தொடங்க வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் இந்த மசியாத கிருமி! முன்பு மருந்து சாப்பிட்டு விட்டவர்களும் இதில் உண்டு. சாப்பிடாதவர்களும் உண்டு. நெவிரபின், எஃபாவிரென்ஸ் மாத்திரைகளுக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை. ஏழை நாடுகள் அப்போது நம்பியிருந்ததே இவற்றைத்தான்.

ஒத்தைப் போலீஸ்காரர்

எப்படி வந்தது இந்தக் கிருமி? மாத்திரையை நிறுத்தினவர் ஒருத்தர், மாட்டிக்கொண்டவர் இன்னொருத்தர்!

எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். மூன்று போலீஸ்காரர் காவல் மாதிரி. கைக்காசு தீர்ந்தோ, வீட்டில் தெரிந்துவிடுமே என்று பயந்தோ சட்டென்று நிறுத்தினால், மற்ற ரெண்டு மருந்தும் சீக்கிரம் ரத்தத்தை விட்டுப் போய்விடும். நெவிரபின், எஃபாவிரென்ஸ் அப்படியில்லை. பல நாள் தங்கும். காவலுக்கு ஒத்தை ஆள்! அவரை ஏமாற்ற, கிருமிக்குத் தன் உருவில் ஒரே ஒரு மாற்றம் போதும். அப்படித் தப்பின கிருமி உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் போகிறது.

நம்ம ஊர்க் கதை

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கேஸ்கள் 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. சர்க்கார் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியதோ 2004 ஏப்ரலில். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று. அதற்கு முன்னால் மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கணும். காசு இருந்த மாதம் மாத்திரை, இல்லாத மாதம் இல்லை. கிருமிக்குக் கொண்டாட்டம்தான்!

புது மாத்திரை

இப்போது டோலுடெக்ராவிர் வந்திருக்கிறது. மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில், தினம் ஒண்ணு, சர்க்கார் மையத்தில் இலவசம். பழைய மருந்துக்கு மசியாத கிருமியையும் இது அடக்குகிறது. ஆனால் இதற்கும் எதிர்ப்பு, பரிசோதனைக் காலத்தில் கண்டதைவிடக் கூடுதலாகச் சில இடங்களில் தென்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொல்லிவிட்டது.

விடாமல் சாப்பிட்டு, ரத்தச் சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவில் அது அடுத்தவருக்குத் தொற்றாது. வெளியூரில் மாத்திரை தீர்ந்துபோச்சா? பக்கத்து மையம் எதுவென்று 1097-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். காசு கிடையாது.