காணிக்கு வரும் குருவிகளைக் கணக்கெடுங்கள்

கண்டியிலிருந்து குருநாகல் போகும் வீதியில், கலகெதரப் பக்கத்து வீடுகள் மரங்களுக்குள் மறைந்திருக்கும். பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், மரமேறிய மிளகு. தூரத்தில் பார்த்தால் காடு, உள்ளே போனால் வீட்டுத்தோட்டம். இப்படியான சோலைகளிலும் மீட்டெடுத்த காடுகளிலும் உள்ள விடுதிகளில் வெளிநாட்டார் காசு கொடுத்துத் தங்கிக் குருவி பார்க்கிறார்கள். இலங்கையில் மட்டுமே வாழும் பறவையினங்கள் 30-க்கு மேல் உண்டு.

இடம்பெயர்ந்து வந்து மொட்டைக் காணியில் குடியேறிய நமக்கு இது எதற்கு? விடுதி கட்டி உழைக்கலாம் என்று சொல்ல வரவில்லை; அதற்கு முதலும் பாதையும் வேண்டும். காணி தேறுகிறதா என்பதைக் குருவிகளைக் கொண்டு அறியலாம் என்பதே விடயம்.

ஊவாவில் மிராவத்தையில், தேயிலை விளைந்து ஓய்ந்த நிலத்தில் 1982 முதல் கலாநிதி ரணில் சேனாநாயக்க காட்டைப் போன்ற தோட்டமொன்றை வளர்த்தார். உயர்ந்த மரம், நடுமரம், செடி, கொடி என்று அடுக்கடுக்காக, பயன் தரும் இனங்களையும் சேர்த்து நடுவதே அந்த முறை. கண்டித் தோட்டங்களில் பாட்டன்மார் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

மானாப் புல் மட்டும் நிற்கும் காணிக்குத் தினைக்குருவி வரும். புதர் வந்தால் கொண்டைக்குருவி வரும். பழமரம் நின்றால் பச்சைக் குக்குறுவான் கத்தும். அது பட்டுப்போன கொப்பைக் குடைந்தே கூடு வைக்கும். ஆகவே காய்ந்த முருக்கங் கொப்பு எல்லாவற்றையும் விறகுக்கு வெட்டாதீர்கள்.

நற்செய்தி உவமையில் வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் தின்றுவிடும். இங்கே பறவைகளே விதைக்கின்றன! பழம் தின்ற குருவி இருக்கும் கொப்பின் கீழ் எச்சத்தோடு விதை விழும். மரமில்லாத இடத்தில் குறுக்குத்தடி கட்டிய கம்பு ஒன்றை நட்டு, அடியில் புல்லைச் செதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முளையைப் புல் அமுக்கிவிடும். உண்ணிச்செடியும் இவ்வாறே வரும், அதைப் பிடுங்கத்தான் வேண்டும். பெரிய கொட்டையைச் சிறு குருவி விழுங்காது. பலாவை நாமே நடவேண்டும்.

அரை ஏக்கர் உள்ளவரிடம் மரத்துக்கு இடம் விடச் சொல்வது இலகுவல்ல. மரக்கறிப் பாத்தியைத் தொடவேண்டாம். சரிவின் மேல் ஓரம், கான் கரை, எல்லை வேலி போதும். வேலியில் கிளிசரியா நட்டு மிளகை ஏற்றுங்கள். அத்தியை மட்டும் வீட்டருகே வைக்கவேண்டாம். வேர் சுவரைப் பிளக்கும்.

மாதத்தில் ஒரு காலை, ஒரே இடத்தில் அரைமணி நேரம் இருந்து, வந்த குருவிகளைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் சத்தத்தையும் எழுதினால் போதும்.