பட்டாளத்தையே மண்ணைக் கவ்வ வைத்த செவ்விந்திய வாலிபர்கள்!

1912-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மைதானம்.

ஒரு பக்கம், நாளைக்குத் தளபதி ஆகப்போகிறவர்கள். மறுபக்கம், கார்லைல் பள்ளிக்கூடத்தின் செவ்விந்திய வாலிபர்கள். அதாவது, அந்த மண்ணின் பூர்வகுடிகள்.

வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் செவ்விந்தியர்களை அமெரிக்கப் பட்டாளம் சுட்டுத் தள்ளி, அப்போது 22 வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

எதிரில் நிற்பவர்களின் அப்பன்களும் பாட்டன்களும் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதைக் கோச் பாப் வார்னர் ஞாபகப்படுத்தினாராம். அதற்குமேல் உசுப்பேற்ற வேண்டியிருக்கவில்லை என்று பின்னாளில் சொன்னவர், அணியில் ஆடிய கஸ் வெல்ச்.

இது நம்ம ஊர் கால்பந்து அல்ல. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும். எதிராளி மேலே விழுந்து அமுக்குவான். எலும்பு முறிவதெல்லாம் சர்வசாதாரணம்.

தலைமுடி போச்சு, பெயரும் போச்சு

கார்லைல், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஊர். பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் 1879-ல் பிராட் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பள்ளியைத் தொடங்கினார்.

ஊர் ஊராகச் செவ்விந்தியப் பிள்ளைகளை ரெயிலில் கொண்டுவந்தார்கள். வந்ததும் தலைமுடியை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு மனிதனை மட்டும் காப்பாற்ற வேண்டும் என்பது பிராட்டின் கொள்கை. என்ன கொள்கையோ!

பெயருக்குப் பள்ளிக்கூடம். ஆனால் அதன் அணி மோதியதெல்லாம் பெரிய பெரிய கல்லூரிகளோடு. முந்தைய ஆண்டு ஹார்வர்டையே 18-15 என்று தோற்கடித்திருந்தார்கள்.

அந்த அணியின் நட்சத்திரம் ஜிம் தார்ப். 1912 ஜூலையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார்.

மோதிக்கொண்ட இருவர்

வெஸ்ட் பாயிண்டில் முதல் 6 புள்ளி எடுத்தது ராணுவம்தான். அதோடு சரி. அப்புறம் கார்லைலின் ராஜ்யம்.

எல்லோர் கண்ணும் தார்ப் மேலே. பந்தோ அலெக்ஸ் அர்காசா கையில்! இப்படியே போக்குக் காட்டி, அர்காசா மட்டும் மூன்று முறை கோட்டைத் தாண்டினார்.

ராணுவ அணியின் தலைவர் டிவோர் மலைபோன்ற ஆள். ஆத்திரம் தாங்காமல் கார்லைலின் ஜோ கையான் மீது பாய்ந்தார். நடுவர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

ராணுவ அணியில் இன்னொரு வாலிபர். அவரும் கூட்டாளி ஒருவரும் தார்பை இரண்டு பக்கமும் நெருக்கி வீழ்த்தத் திட்டம் போட்டார்கள். தார்ப் சட்டென்று நின்றார். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள்.

யார் அந்த வாலிபர் தெரியுமா? ஐசனோவர்! பிற்காலத்தில் 2-ம் உலகப்போரின் தளபதி, 1953-ல் அமெரிக்க ஜனாதிபதி.

முடிவு: கார்லைல் 27, ராணுவம் 6.

ஆனால் அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். ஆட்டம் என்றால் அப்படித்தான். மொத்தத்தில் அந்த சீசனில் 12 வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி.

பறிபோன பதக்கம்

இரண்டு மாதம்கூடத் தாண்டவில்லை. 1913 ஜனவரியில் தார்ப் தலையில் இடி விழுந்தது.

1909, 1910 கோடையில் ராக்கி மவுண்ட் ஊர் அணிக்காகச் சொற்பக் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. காசு வாங்கியவன் ஒலிம்பிக்கில் ஓடக்கூடாது என்பது அன்றைய சட்டம்.

எத்தனையோ கல்லூரிப் பையன்கள் கள்ளப் பெயரில் அதைத்தான் செய்தார்கள். தார்ப் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டிக்கொண்டார். தாம் ஒரு சாதாரணச் செவ்விந்திய மாணவன், இந்த விஷயமெல்லாம் தெரியாது என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். யார் கேட்டார்கள்?

போட்டி முடிந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் வரவேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஆறு மாதம் கழித்து வந்த ஆட்சேபத்துக்கு அதை யாரும் பார்க்கவில்லை. தங்கம் இரண்டும் பிடுங்கப்பட்டன.

1953-ல் தார்ப் இறந்தார். 1982-ல்தான் ஒலிம்பிக் கமிட்டி மனம் மாறியது. அடுத்த ஆண்டு பதக்கங்களின் நகல்கள் பிள்ளைகளிடம் தரப்பட்டன. அப்போதும் முதலிடத்தைப் பங்குபோட்டுத்தான் கொடுத்தார்கள். முழுசாக அவர் பெயருக்கே வந்தது 2022 ஜூலையில்!

மாணவர்கள் மனு

பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று?

கஸ் வெல்ச் முன்னின்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். 1914-ல் நாடாளுமன்றக் குழு விசாரிக்க வந்தது. விளையாட்டு நிதியின் கணக்கு வழக்கு சந்திக்கு வந்தது. பள்ளித் தலைவர் பதவி பறிபோனது. கோச் வார்னரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போனார்.

1918-ல் பள்ளியை மூடி, இடத்தை ராணுவத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அங்கே ராணுவப் போர்க் கல்லூரி நடக்கிறது.

அதே வளாகத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். வீடு திரும்பாமலேயே நோயில் செத்துப்போன கார்லைல் பிள்ளைகள் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். 180-க்கும் மேற்பட்ட கல்லறைகள். 2017 முதல் ராணுவம் அவற்றைத் தோண்டி, பிள்ளைகளின் எலும்புகளை உறவினர்களிடம் ஒப்படைத்து வருகிறது.