டிக்ட் நெறிமுறையின் மறுமொழிக் குறியீடுகள்

டிக்ட் என்பது இணையம் வழியாக அகராதித் தரவுத்தளங்களில் சொற்பொருள் தேட உதவும் நெறிமுறை. ரிக் ஃபெய்த், பிரெட் மார்ட்டின் இருவரும் எழுதிய இது 1997 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 2229 என்ற ஆவணமாக வெளியானது. வழங்கி 2628 ஆம் துறையில் காத்திருக்கும். லினக்சு முனையத்தில் 'டிக்ட்' என்று தட்டிச் சொல்லைக் கொடுத்தால், அதே பெயருள்ள கட்டளைவரி நிரல் வழங்கியைக் கேட்டுப் பொருளைக் காட்டும். சொற்கள் யு.டி.எஃப்-8 முறையில் செல்வதால் தமிழ்ச் சொல்லையும் அப்படியே அனுப்பலாம்.

கேள்விக்கு என்ன ஆயிற்று என்பதை வழங்கி மூன்று இலக்க எண்ணால் தெரிவிக்கிறது. இணைந்ததும் 220 வரும். சொல் கிடைத்தால், எத்தனை விளக்கங்கள் என்று சொல்லும் 150. ஒவ்வொரு விளக்கத்துக்கும் முன்னால் 151. விளக்கத்தின் முடிவில் தனி வரியில் ஒரு புள்ளி. எல்லாம் முடிந்ததும் 250. ஆகவே 150 வந்தவுடன் வேலை முடிந்ததாக நிரல் கருதக்கூடாது. இணைப்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில் (ஜவ்வாது மலையில் அமிர்தி போன்ற ஊர்களில் இருப்போர் இதை எளிதில் புரிந்துகொள்வர்) 250 வருமுன் தொடர்பு அறுந்தால், திரையில் இருப்பது அரைகுறை விளக்கம். அதைப் பயனருக்குச் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக நிரல் எழுதுவோர் பெரும்பாலும் தவறுவது தோல்விக் குறியீடுகளில்தான். 552 என்றால் தேடிய அகராதியில் அந்தச் சொல் இல்லை. 550 என்றால் நாம் பெயர் சொன்ன அகராதியே அந்த வழங்கியில் இல்லை. 420 என்றால் வழங்கி தற்காலிகமாகச் செயல்படவில்லை. மூன்றுக்கும் "சொல் இல்லை" என்று ஒரே பதிலைக் காட்டினால், நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிய மாணவர் அது வழக்கிலேயே இல்லாத சொல் என்று நம்பிவிடுவார். மதிப்பெண் பதிவேட்டில், தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்ஜியம் போடுவது போன்ற பிழை இது.

எல்லா எண்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதல் இலக்கம் 1 என்றால் இன்னும் வரும். 2 என்றால் முடிந்தது. 3 என்றால் நம்மிடமிருந்து மேலும் தகவல் வேண்டும். 4 என்றால் பிறகு முயலலாம். 5 என்றால் அதே கேள்வியைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. மின்னஞ்சலுக்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறையிலும் ஏறக்குறைய இதே முறைதான். அறியாத எண் வந்தால் முதல் இலக்கத்தைக் கொண்டு முடிவெடுக்கலாம்.

'டிக்ட்' நிரல் இந்த வேறுபாட்டைத் தன் வெளியேறு நிலையிலும் காக்கிறது: சொல் கிடைக்காவிட்டால் 20, வழங்கி தற்காலிகமாக இயங்காவிட்டால் 31, அகராதிப் பெயர் தவறானால் 39. நூறு சொற்களை வரிசையாகத் தேடும் ஸ்கிரிப்ட், 31 வந்த சொற்களை மட்டும் ஒதுக்கி வைத்துச் சற்றுநேரம் கழித்து மீண்டும் தேடலாம்.