எங்கள் பெயரில் வந்த நிதி: கேட்டறிவது எங்கள் உரிமை

"பிள்ளை, அந்த மிஸ் இனி வரமாட்டாவோ?"

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாதர் சங்க மண்டபத்தில் வைத்து எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. புதன்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து உளவளத்துணையாளர் ஒருவர் அங்கு வந்து போய்க்கொண்டிருந்தார். 1990இல் காணாமற்போன தன் மகனைப் பற்றி அந்த அம்மா அதுவரை எவரோடும் மனம்விட்டுக் கதைத்ததில்லை. பல மாதங்கள் சும்மா வந்து இருந்துவிட்டுப் போனவர், ஒருநாள் கதைக்கத் தொடங்கினார். நெடுநேரம் கதைத்தார், அழுதார். அதற்கடுத்த புதன்கிழமை மிஸ் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை.

"நான் அண்டைக்குக் கனக்கக் கதைச்சிட்டன் போல. அதுதான் அவ பயந்துபோய் வாறேல்லை."

நான் விசாரித்துப் பார்த்தேன். அந்தத் திட்டத்துக்கான நிதி முடிந்திருந்தது. அதுதான் காரணம். முடியும் திகதி திட்டம் தொடங்கிய நாளிலேயே தாளில் எழுதப்பட்டிருந்தது. மண்டபத்தில் வந்து குந்தியிருந்த பெண்களுக்கு மட்டும் அதை எவரும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது என்னையும் நான் ஒளித்துக்கொள்ள முடியாது. சில வருடங்களுக்கு முன்னர், வேறோர் ஊரில், நானும் இப்படித்தான் ஒரு திட்டம் முடிந்ததும் போகாமல் விட்டவள். போய் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. அங்கே எத்தனை பேர் தங்களில்தான் பிழை என்று நினைத்தார்களோ என்று இந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகே யோசித்தேன்.

மௌனமும் ஒரு காயம்

தீவக மக்களின் இழப்புகளை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகு, 1990 ஓகஸ்ட்டிலும் அதன் பின்னரும் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள், 2006 மே மாதத்து அல்லைப்பிட்டிப் படுகொலை, இவற்றுக்கிடையே மீண்டும் மீண்டும் இடப்பெயர்வு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளநல மருத்துவராகக் கடமையாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2007இல் வெளியான தமது ஆய்வுக் கட்டுரையில், நீண்ட யுத்தம் தனி மனிதரை மட்டுமன்றி முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகிறது என்று எடுத்துக்காட்டினார். மௌனம், அவநம்பிக்கை, பிறரில் தங்கியிருத்தல் என்பன அந்தக் கூட்டு மனவடுவின் அடையாளங்கள் என்றார்.

அப்படியானால், எங்கள் பெயரில் வரும் உதவியைப் பற்றி எங்களுக்கே சொல்லாமல் விடுவது அந்தக் காயத்தின் மேல் இன்னொரு கீறல் அல்லவா? அனர்த்த காலங்களில் உளநல, உளசமூகப் பணி எப்படி நடைபெற வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், நிவாரணப் பணிகள் பற்றியும் சட்ட உரிமைகள் பற்றியும் பாதிக்கப்பட்ட மக்களுக்குத் தகவல் தருவது தனியொரு கடமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. தகவல் தருவதும் உளநலப் பணிதான் என்பது இதன் பொருள்.

ஏன் தெரியாமல் போகிறது?

ஒரு காரணம், நிதி பல வாய்க்கால்களில் வருவது. ஆதார வைத்தியசாலைகளும் சிறு வைத்தியசாலைகளும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருவன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கும் பெண்கள் விடயங்களுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் வேறு அமைச்சுகளின் கீழ் வருகிறார்கள். இவற்றுக்குப் புறம்பாக அரச சார்பற்ற நிறுவனங்கள், சர்வதேச அமைப்புகள், கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் உள்ள எங்கள் ஊரவர் சங்கங்கள். எது எங்கிருந்து வருகிறது என்பது உள்ளே வேலை செய்பவர்களுக்கே சிக்கலான விடயம்.

இன்னொரு காரணம், பெயர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உளவளத்துணை என்ற பெயரில் ஏராளமான நிறுவனங்கள் வந்தன, போயின. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரோ வடக்கில் உளசமூகப் பணிக்கு அனுமதி பெறுவது கடினமாக இருந்தது. எனவே கோழி வளர்ப்பு, தையல் என்று வாழ்வாதாரத் திட்டங்களுக்குள் வைத்துச் சிலர் அந்தப் பணியைச் செய்தார்கள். அன்றைக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் கணக்கில் உளநலம் என்ற சொல்லே இல்லாமல் போனால், பிறகு எவர் தேடினாலும் அது அகப்படாது.

மூன்றாவது காரணம், தூரம். யாழ்ப்பாணத்து அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவித்தலை நெடுந்தீவுப் பெண் பார்க்கவேண்டுமானால் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும். அவர் ஊர் திரும்ப ஒரு பகல் போய்விடும்.

உலகம் முழுவதிலும் உளநலத்துக்கு ஒதுக்கப்படும் பங்கு சிறிது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, அரசாங்கங்கள் சுகாதாரத்துக்குச் செலவிடும் பணத்தில் சுமார் 2 வீதமே உளநலத்துக்குப் போகிறது. யுத்தம் நடந்த இடங்களிலோ ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு உளநலப் பிரச்சினை இருப்பதாக 2019இல் அதே நிறுவனத்தின் ஆய்வு கூறியது. இருப்பதே கொஞ்சம் என்றால், அது எங்கே போகிறது என்று அறிவது இன்னும் முக்கியமாகிறது.

சட்டம் எங்கள் பக்கம்

இந்தியாவின் ராஜஸ்தானில், பெரிதாகப் படிப்பறிவில்லாத கூலிப் பெண்களும் ஆண்களும் 1990களில் கிராமத்துக் கணக்குகளைக் கேட்டுப் போராடினார்கள். 1994 டிசம்பரில் தொடங்கி ஊர் கூட்டிக் கணக்குகளை உரத்து வாசித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அங்கே வெளிவந்தது. அந்தப் போராட்டம் வளர்ந்தே இந்தியாவுக்கு 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடைத்தது.

எங்களுக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அமைச்சு, மாகாணத் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை, அரச வைத்தியசாலை எல்லாம் இதற்குள் அடங்கும். பலர் அறியாத இரண்டு விடயங்களை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசாங்கத்திடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதியைப் பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சேவை சம்பந்தமான தகவலை நீங்கள் அதனிடமே கேட்கலாம்.

இரண்டாவது, வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், அது தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்னரே அதைப் பற்றி மக்களுக்குத் தெரியப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை.

எப்படிக் கேட்பது?

1. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அவருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். தமிழில் எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்கு மாத்திரம் சிறு தொகை அறவிடக்கூடும்.

2. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை.

3. "உனக்கு ஏன் இது?" என்று கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வி எவ்வளவு தெளிவோ பதிலும் அவ்வளவு தெளிவாக வரும். "உளநலத்துக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு பேச்சு வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த வருடம் எங்கள் பிரதேசத்தில் உளநல, உளசமூகப் பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? அது எங்கிருந்து வந்தது? எவ்வளவு செலவானது, எதற்கு? எந்தெந்தக் கிராமங்களில் நடக்கிறது? எத்தனையாம் திகதி முடிகிறது? முடிந்தபின் மக்கள் யாரிடம் போகவேண்டும்?

கடைசி இரண்டு கேள்விகளையும் ஒருபோதும் விடாதீர்கள்.

உங்கள் இரகசியம் பாதுகாப்பானது

பல சகோதரிகள் தயங்குவது இங்கேதான். "நான் போய்க் கேட்டால், எனக்கு மனநோய் என்று ஊர் கதைக்காதோ? மகளின் கலியாணம் குழம்பாதோ?" பணத்தைப் பற்றிக் கேட்பதற்கும் உங்கள் வருத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருவருடைய மருத்துவப் பதிவை அவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை அதே சட்டம் தடுக்கிறது. நாங்கள் கேட்பது கணக்கை. இன்னாருக்கு என்ன வருத்தம் என்பதை நாங்களும் கேட்கக்கூடாது. அப்படியும் கூச்சமென்றால், சங்கத்தில் எல்லோருமாகக் கூடிக் கேள்விகளை எழுதி, ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். கணக்குக் கேட்பவர் அந்தச் சேவைக்குப் போகிறவராக இருக்கவேண்டும் என்றில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளின் சொந்தப் பணத்தில் இயங்கும் சங்கங்களை இந்தச் சட்டத்தால் கேட்க முடியாது. ஆனால் அன்பாகக் கேட்கலாம். கோயில் திருப்பணிக் கணக்கை மண்டபத்தில் எழுதி வைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறதே! பிரித்தானியாவில் 2015இல் தொடங்கிய ஒரு முயற்சியால், அங்குள்ள பல நன்கொடை நிறுவனங்கள் யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்குக் கொடுத்தோம் என்று ஒரே ஒழுங்கில் பகிரங்கமாக வெளியிடுகின்றன. எங்களுக்குக் கணினி கூட வேண்டாம். வாசிகசாலைப் பலகையில் நான்கு வரி போதும்: திட்டத்தின் பெயர், பணம் தந்தவர், தொகை, முடியும் திகதி.

என்னோடு பணியாற்றும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. முதல்நாள் கூட்டத்திலேயே கடைசி நாளையும் சொல்லிவிடுங்கள். "சொன்னால் சனம் வராது" என்பார்கள். சொல்லாமல் போனால் சனம் பிறகு எவரையும் நம்பாது.

அந்த மண்டபத்துப் பெண்களும் கூடியிருந்து ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தார்கள். பதில் வரத் தாமதமானது, ஒருமுறை அலையவும் வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. திட்டம் முடிந்த திகதி அதில் இருந்தது. இனி உளநலக் கிளினிக்குக்குப் போகவேண்டிய இடமும் கிழமையும் இருந்தன. நிறுத்தப்பட்ட சேவை திரும்பி வரவில்லை. அதற்காக அவர்கள் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். திகதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். விரல் மடித்து எண்ணிப் பார்த்தார்.

"அப்ப, நான் கதைச்சதாலை இல்லை."

"இல்லையம்மா. அது முதலே முடிவான திகதி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிளினிக் எண்டைக்கு எண்டனீ, பிள்ளை?" என்று கேட்டார்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு திட்டம் இப்போது நடந்துகொண்டிருக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் அது முடியும் திகதியைக் கேளுங்கள். கதைக்க ஒருவர் உடனே தேவையென்றால், தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த இலக்கத்தையும் அந்தப் பலகையில் எழுதிவிடுங்கள்.